மார்பளவுத் தண்ணீர்

ஆள் மூழ்குகிற ஆழம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தண்ணீர் அவருக்கு மார்பளவுதான். காலை ஊன்றி நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவரோ தன் மனைவியைத் தண்ணீருக்குள் அழுத்திவிட்டு, அந்தப் பிடிமானத்தில் மேலே வந்தார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களில், இருட்டுக் குழிக்குள், லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் சப்பணம் போட்டு உட்கார்ந்து கிரீஸ் கையோடு டீ குடிக்கிற ஆள். உயரமெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. தண்ணீர் என்றால் மட்டும் பத்தடி தள்ளியே நிற்பார். திரைச்சீலை தைக்கிற கடையில் வேலை பார்க்கும் மனைவிக்கு மட்டும் என்ன வாழ்ந்ததாம்? அவளுக்கும் அதே பயம்தான். பொருத்தம் பார்த்துச் செய்துவைத்த ஜோடி.

மகள் குடியிருந்த வளாகத்தில் ஒரு நீச்சல் குளம் இருந்தது. போன முறை போயிருந்தபோது பேத்தி அதில் தவறி விழுந்துவிட்டாள். இவர்கள் இரண்டு பேரும் கரையில் நின்று தொண்டை கிழியக் கத்தினார்களே தவிர, ஒரு அடி எடுத்துவைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் செருப்புக் காலோடு குதித்துக் குழந்தையைத் தூக்கினார். திரும்பி வருகிற பஸ்ஸில் மனைவி சொன்னாள்:

"நீச்சல் கத்துக்காம இனிமே அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன். நீங்களும் ஏறக் கூடாது."

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்பில் சேர்ந்தார்கள். எல்லாம் நரை கண்ட மாணவர்கள். சொல்லிக்கொடுத்தது மகள் வயதுப் பெண். வாயிலிருந்து விசிலை எடுக்கவே மாட்டாள் என்பதால் அவளுக்கு விசிலம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒருவர் மல்லாந்து படுக்க வேண்டும். இன்னொருவர் முதுகுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தாங்க வேண்டும். பிறகு ஆள் மாற வேண்டும். நம் மெக்கானிக் ஒவ்வொரு வாரமும் "முதல்ல நீ படு" என்பார். தன் முறை வருவதற்குள் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும், இல்லாவிட்டால் கண் எரியும். மனைவிக்கு இது புரியாமலில்லை. புரிந்தும் அவர் கையில் படுத்தாள்.

அன்றும் மனைவி அவர் கையில் படுத்திருந்தபோது, கூடப் படிக்கிற மருந்துக்கடைக்காரர் ஏணியிலிருந்து தொப்பென்று குதித்தார். நல்ல கனத்த சரீரம். எழும்பிய அலை மெக்கானிக்கின் முகத்தில் அறைந்தது, மூக்கில் ஏறியது. கால் வழுக்கியது. கையில் என்ன இருந்ததோ அதைப் பிடித்து அழுத்தினார். கையில் இருந்தது மனைவியின் தோள். அவள் உள்ளே போனாள், அவர் மேலே வந்தார். உள்ளேயிருந்து அவள் கை அவர் தொடையைத் தட்டியது. அது அவளுடைய கைதான் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்தது. தெரிந்தும் விடவில்லை.

காலில் தரை பட்ட பிறகுதான் அவளை இழுத்துத் தூக்கினார். இருமல் சத்தம் கேட்டுத் திரும்பிய விசிலம்மாவின் கண்ணில் பட்டது இழுத்துத் தூக்கியது மட்டும்தான்.

"நல்லவேளை, அண்ணன் தூக்கிட்டாரு!"

எல்லாரும் கைதட்டினார்கள். மனைவி இருமிக்கொண்டே, "என் தப்புதான், நெளிஞ்சுட்டேன்" என்றாள்.

"ஆமா, நெளிஞ்சுட்டா" என்றார் அவர். பாவி மனுஷன்!

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் போனிலும் அவள் அதையே சொன்னாள். "அப்பாதான் தூக்கினாரு." குரலில் குத்தல் இல்லை. அவர் செய்தித்தாளில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். அவள் திட்டியிருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார். அவளோ எப்போதும் போலப் பரிமாறினாள், எப்போதும் போலச் சிரித்தாள். ஒன்றே ஒன்றுதான் மாறியிருந்தது. ஸ்கூட்டரில் பின்னால் ஏறினால் அவர் தோளைப் பிடித்துக்கொள்பவள், இப்போது சீட்டுக்குப் பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க அவருக்குத் தோள் லேசாக இருந்தது, நெஞ்சுதான் கனத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விசிலம்மா மனைவியைப் பிரித்து எடுத்தாள்.

"அக்கா, நீங்க ரொம்ப நெளியறீங்க. கொஞ்ச நாளைக்குக் கம்பியைப் பிடிச்சிட்டுக் காலை மட்டும் அடிங்க. மருந்துக்கடை அண்ணன் இவர்கிட்ட படுக்கட்டும். நல்ல கை."

மனைவி குளத்து ஓரம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தண்டனை வாங்கிய பள்ளிப் பிள்ளையாகக் காலை அடித்தாள். மருந்துக்கடைக்காரர் மல்லாந்தார்.

"உங்கள நம்பித்தான் படுக்கிறேன் அண்ணே."

மெக்கானிக் அவரை நிமிர்த்தி நிற்கவைத்துவிட்டு, குளம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"அவ நெளியல. நான்தான் அமுக்கினேன். பயத்துல அவளை அமுக்கிட்டு நான் மேல வந்தேன்."

விசிலம்மாவின் வாயிலிருந்து விசில் நழுவியது. யாரோ சிரிக்கத் தொடங்கி, பாதியில் இருமலாக மாற்றிக்கொண்டார்கள். மனைவி கம்பியை விட்டுவிட்டுத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நேரே அவரிடம் வந்தாள். பாரம் இறங்கிவிட்டது என்று அவர் நினைத்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்த நினைப்பு போய்விட்டது.

"ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. எனக்கு எப்ப சொல்றதா உத்தேசம்?"

"உனக்குத்தான் தெரியுமே..."

"தெரியும். ஆனா நீங்க சொல்லலையே. ஒரு வாரமா அதுக்குத்தானே காத்துட்டிருந்தேன்."

மற்றவர்கள் மரியாதையாகத் திரும்பிக்கொண்டார்கள்.

"உன் கை தட்டினது தெரிஞ்சுதும்மா. தெரிஞ்சும்தான் அமுக்கினேன்."

அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தட்டினா விட்டுடுவீங்கன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு இரண்டு கையையும் நீட்டி, "சரி, படுங்க" என்றாள்.

"நானா?"

"பின்ன யாரு? இன்னைக்கு இடுப்பு வலி, கண் எரிச்சல் எதுவும் கிடையாது. படுங்க."

படுத்தார். காதுக்குள் தண்ணீர் புகுந்து உலகம் அடைத்துக்கொண்டது. பிடரியும் முதுகும் விறைத்துப் பலகையாகிவிட்டன. மேலே அவள் முகம். கீழே அவள் கை. நினைத்தால் ஒரே ஒரு அழுத்து போதும் அவளுக்கு. அவள் அப்படிச் செய்தால் அது நியாயம்தான் என்று பட்டதும், திமிறிக்கொண்டிருந்த அவர் உடம்பு தளர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு அதற்காகக் காத்திருந்தார்.

அவள் அழுத்தவில்லை. கையையும் எடுக்கவில்லை. அவர் அழுகிறார் என்று அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. முகமெல்லாம் ஏற்கெனவே ஈரம்தான். ஆனாலும் அவள் ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறு கையால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள்.