உத்தரத்தில் காலர்க்காரி

காலர் தைப்பவளுக்கு, வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் கோடையில் வியர்வை நின்றுபோனது; சிறுநீரும் நின்று, அதற்குப் பதில் காக்கை எச்சம் போல வெள்ளைக் குழைவு வந்தது. அந்தத் தையல் ஆலையில் அறுபது பெண்களுக்குக் கழிப்பறை டோக்கன் ஒன்றுதான். அது கைக்கு வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும் என்பதால் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீரைத் தொடமாட்டார்கள். பாவி உடம்பு எத்தனை நாள் தாங்கும்? அவள் உடம்பு வேறு வழி பார்த்துக்கொண்டது. மதிய வெக்கையில் வாயைத் திறந்து, தொண்டையைப் படபடவென்று துடிக்கவிட்டே சூட்டைத் தணித்துக்கொண்டாள். ஆலை வைத்தியர் இரத்தம் எடுத்துப் பார்த்தார். "பறவைங்களுக்கு இப்படித்தான்மா. வெளிய போற தண்ணிய குடலே திரும்ப உறிஞ்சிக்கும். உடம்பு வத்தினாலும் இரத்தம் லேசுல வத்தாது," என்று சொல்லி, சீட்டில் 'நலம்' என்று எழுதிக் கொடுத்தார்.

மேனேஜருக்கு வாயெல்லாம் பல். ஒருத்தியால் முடிகிறதென்றால் மற்றவர்களுக்கு என்ன கேடு என்று குடிதண்ணீர்க் குழாயையே பூட்டினார். வெட்கங்கெட்ட மனிதர், சாவியை இடுப்பில் வேறு தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தார். பக்கத்து மெஷினில் பொத்தான் தைத்த அவள் தங்கைக்குப் பறவை உடம்பு வாய்க்கவில்லை. கோடை முடிவதற்குள் காய்ச்சலும் இடுப்பு வலியுமாக மெஷின் மேலேயே சரிந்தாள். ஒரு சிறுநீரகம் கெட்டுவிட்டது, இனியும் தண்ணீர் குடிக்காமல் கிடந்தால் மற்றதும் போய்விடும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். வேலை போய்விடுமே என்று பத்தாம் நாளே திரும்பி வந்தவளிடம் மேனேஜர் சொன்னார்: "உங்கக்காவப் பாத்துக் கத்துக்கம்மா."

அதைக் கேட்ட அக்கா தையலை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். விளக்கு மாட்டும் ஏணியில் ஏறி, மேனேஜர் மேஜைக்கு நேர் மேலே இரும்பு உத்தரத்தில் உட்கார்ந்தாள். குழாயைத் திறக்கும்வரை இறங்கமாட்டேன் என்றாள். தாகம் எடுத்தால் இறக்கிவிடச் சொல்லித் தானே கெஞ்சுவாள் என்று அவர் ஏணியை எடுத்துவிட்டார். இதைவிட மடத்தனம் உண்டா? உடம்பிலிருந்த கொழுப்பை எரித்து, அதிலிருந்தே தண்ணீர் எடுத்துக்கொண்டு இருபத்திரண்டு நாள் இருந்தாள். எச்சம் மட்டும் வேளை தவறாமல் அவர் வழுக்கையிலும் காகிதங்களிலும் விழுந்தது. மேஜையை நகர்த்தினால் அவளும் நகர்ந்தாள். இருபத்துமூன்றாம் நாள் குழாயைத் திறந்தார்.

தங்கை வயிறு நிறையக் குடித்துவிட்டு ஏணியைச் சாத்தினாள். "இறங்கி வாக்கா."

"நான் இறங்குனா அவன் மறுபடி பூட்டுவான். நீ குடி."

இப்போது அவள் மெஷினும் மேலேதான் இருக்கிறது. துணியையும் சோற்றையும் தங்கை கூடையில் வைத்து அனுப்புகிறாள். மேனேஜர் குடை பிடித்துக்கொண்டு வேலை பார்க்கிறார்.