கொளஞ்சியம்மாளின் பிராது

துர்கா அந்தத் திரவத்தைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் கொண்டுவந்தாள். பார்க்க விளக்கெண்ணெய் மாதிரி இருந்தாலும் அது உப்பு; சாதாரண சூட்டிலேயே உருகி நிற்கிற உப்பு. உலோகம் உரசித் தேயாமல் காப்பதில் அது எண்ணெயை மிஞ்சும் என்று நிரூபிப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. 2008 முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும்.

விருத்தாசலத்தில் அவளுடைய தாய்மாமன் கோதண்டபாணி ஃபியூஸ் கட்டை பட்டறை வைத்திருந்தார். பீங்கான் மண்ணை டை என்கிற இரும்பு அச்சில் கொட்டி, கைப்பிரஸ்ஸில் அழுத்தி எடுக்கிற வேலை. புதிதாக வந்த டைக்குத் தேயாமலிருக்கப் பொன்னிறப் பூச்சு போட்டிருந்தார்கள். பிரஸ்ஸில் நிற்பவள் கொளஞ்சியம்மாள், பதினேழு வருடமாக. அவள் டையைத் துடைப்பதைப் பார்த்தால் பெற்ற பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிடுகிற மாதிரி இருக்கும்.

சோதித்துப் பார்க்க துர்கா அந்தப் புது டையில் ஒரு சொட்டு விட்டாள். அது உருண்டு நிற்காமல் மெல்லப் படர்ந்து, டையின் மூலைமுடுக்கெல்லாம் புகுந்துகொண்டது.

"சொல்லாமலே எல்லா எடத்துக்கும் போவுதே பாப்பா" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"அதான்க்கா இதோட பெருமை" என்றாள் துர்கா.

போன இடத்தில் அது என்ன செய்யும் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. மழைக்காற்றுப் பட வெளியே விட்டிருந்த ஒரு சோதனை வில்லையில், இதே மாதிரி பூச்சுப் போட்டுத் திரவம் தடவிய இரும்புத் துண்டில், பழுப்புப் புள்ளிகள் கண்டிருந்தன. எந்தப் பூச்சிலும் கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளைகள் உண்டு. திரவம் அவற்றின் வழியே இறங்கி, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, அடியில் இருக்கும் இரும்பைத் தின்றிருந்தது. பேராசிரியரிடம் சொன்னால் இன்னும் ஒரு வருடம் இழுக்கும். ஒரே ஒரு வில்லைதானே என்று அதை மேஜை இழுப்பறையில் போட்டு மூடினாள். படித்தவர்களுக்குச் சமாதானம் சீக்கிரம் கிடைத்துவிடுகிறது.

ஆயுத பூஜை வந்தது. கொளஞ்சியம்மாள் வழக்கம்போல டைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, துணி போட்டு மூடினாள். பூஜையில் வைத்த கருவியை மறுபடி பட்டறை திறக்கும்வரை யாரும் தொடமாட்டார்கள். மழையும் மின்வெட்டும் சேர்ந்துகொள்ள, ஐந்து நாள் கதவு திறக்கவில்லை.

ஆறாம் நாள் துணியை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பொன்னிறப் பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. துடைத்தால் துணியோடு உரிந்து வந்தது. அடியில் இரும்பு அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்து கிடந்தது.

"ஈரச் சந்தனத்த அப்பி மூடிட்டுப் போனா துரு புடிக்காம என்ன செய்யும்?" என்றார் கோதண்டபாணி. அக்கா மகளின் குப்பி அவர் நினைவுக்கே வரவில்லை. "நாளையிலேருந்து நீ வர வேணாம்."

"வருசா வருசம் இதே சந்தனந்தானுங்க வச்சேன்" என்றாள் கொளஞ்சியம்மாள். பிறகு துர்காவைப் பார்த்தாள், படித்த பெண் ஏதாவது சொல்லுவாள் என்று. துர்கா தரையைப் பார்த்தாள்.

இரண்டு நாள் கழித்து கொளஞ்சியம்மாள் ஒரு வெள்ளைத்தாளோடு துர்காவின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மணவாளநல்லூர் கோயிலில் கொளஞ்சியப்பர் சாமிக்குத் தன் புகாரைப் பிராதாக எழுதிக் கட்டினால் மூன்று மாதத்துக்குள் சாமி விசாரிப்பார் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை.

"எனக்கு எழுத வராது பாப்பா. பதினேழு வருசத்துல எங்கையால ஒரு டைகூட கெட்டதில்ல. கெடுத்தது யாரா இருந்தாலும் சாமி கேக்கணும். அப்புடி எழுதிக் குடு."

துர்கா எழுதினாள். ஊர், பேர், பட்டறை, டை. கெடுத்தவர் யார் என்று வந்த இடத்தில் கை நின்றது. பிறகு 'துர்கா' என்று எழுதினாள்.

"படிச்சுக் காட்டு பாப்பா."

"டையக் கெடுத்தது யாரா இருந்தாலும் நீதான் கேக்கணும் சாமி" என்று படித்தாள் துர்கா.

கொளஞ்சியம்மாள் தாளை நாலாக மடித்துக் கண்ணில் ஒற்றி, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எனக்காக ஒரு வார்த்தை எழுத இந்த ஊர்ல நீ ஒருத்திதான் இருக்க. நல்லா இரு" என்று சொல்லிவிட்டு மணவாளநல்லூர் பஸ்ஸுக்கு நடந்தாள்.