கரும்புத் தோட்டத்துக்கு அப்புறம் கடல்

"துரை படுத்த கட்டிலைக் காட்டினீங்க. குளிச்ச தொட்டியைக் காட்டினீங்க. அவர் நாயைப் புதைச்ச இடத்தைக்கூடக் காட்டியாச்சு. கரும்பு வெட்டினவங்க எங்க படுத்தாங்க, தம்பி?"

கைடு பேச்சை நிறுத்தினான். கூரை போன பழைய சர்க்கரை ஆலைக்குள் பஸ் ஆட்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நாத்தனாரோடு வந்திருந்த அவளுக்கு மட்டும் அது புதிதாக இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்டு வரும் குரல். தபால் ஆபீஸ் கவுண்ட்டரில் வரிசையை ஒழுங்குபடுத்தியே கெட்டிப்பட்ட குரல். வீட்டில் பிள்ளைகள் தங்கள் அத்தைக்குக் கலெக்டரம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால். அப்புறம் முகத்துக்கு நேராகவே.

"அது டூர்ல வராதுங்கம்மா," என்றான் கைடு.

"வராட்டிப் போகுது. எந்தப் பக்கம்னு கையைக் காட்டுங்க. நாங்க போய்க்கிறோம்."

அவனே கூட வந்தான். ஆலைக்குப் பின்னால் இடுப்பளவு புல்லைத் தாண்டினால் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள், சுவர் மட்டும் நின்றன. நாத்தனார் ஒன்றுக்குள் நுழைந்து நடுவில் நின்று இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். விரல் நுனிக்கும் சுவருக்கும் ஒரு சாண்தான் மிச்சம்.

"இதுல ஒரு குடும்பமா?"

"சில சமயம் ரெண்டுன்னு சொல்வாங்கம்மா."

கலெக்டரம்மா விரித்த கைகளை மடக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். மூச்சு மேலும் கீழும் வாங்கியது. அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நாத்தனாரிடம் நீட்டினாள்.

"அக்கா, பஸ்ல போய் உக்காந்துக்கலாமா?"

"மூச்சு வாங்குறது எனக்கு. உனக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

வேர்க்காமல் என்ன செய்யும்? நாத்தனாருக்கு இதயத்தில் வால்வு தேய்ந்துவிட்டது, இந்த உடம்பு ஆபரேஷனைத் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாத்தனார் ஆசைப்பட்ட பிரயாணத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "உங்க இஷ்டம், உங்க பொறுப்பு," என்று முடித்துக்கொண்டார். நாத்தனாரின் தம்பியான அவள் புருஷன் ஒரேயடியாக மறுத்துவிட்டார். "பழைய சுவரையும் கடலையும் பார்க்க உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் போகணுமா? டிவியில காட்டுறான், உக்காந்து பாரு."

எதற்கும் பதில் வைத்திருக்கும் நாத்தனார் அன்றைக்கு மட்டும் பதில் சொல்லாமல் எழுந்து தன் அறைக்குப் போனாள். அந்த மௌனத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டே புருஷனிடம், "நான் கூட்டிட்டுப் போறேன்," என்றாள்.

"ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா என்னைக் கேளுங்க."

அப்படிக் கிளம்பியதுதான் இந்தச் சுற்றுலா. மஞ்சள் சுவரும் பச்சை ஜன்னலுமாகத் துரைமார்கள் கட்டிவிட்டுப் போன ஊர்கள். தேவாலயத் தரையில் பதித்திருந்த கல்லறைக் கற்களை நாத்தனார் குனிந்து குனிந்து வாசித்தாள். "ரெண்டு வயசுக் குழந்தை. காய்ச்சல்ல போயிருக்கு. கப்பலேறி வந்து என்னத்தைக் கண்டுது, பாவம்." பழைய மாளிகையை மாற்றிக் கட்டிய லாட்ஜில் படுத்தபடி கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்வளவு உசரத்துல யாருடி ஒட்டடை அடிச்சிருப்பா?" இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டினார்.

கரும்புத் தோட்டத்துக்கு அப்புறம் கடல். பஸ் நிற்கும் முன்பே நாத்தனார் எழுந்துவிட்டாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேராகத் தண்ணீருக்குள் இறங்கினாள். வந்த அலை முழங்காலுக்கு மேல் நனைத்தது. "அட சனியனே!" என்று அலையைத் திட்டிவிட்டு, அடுத்ததற்காக அங்கேயே நின்றாள்.

நாத்தனார் களைத்துப்போய் நிழலில் நாற்காலியில் சாய்ந்த பிறகு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சொல்ல நினைத்து வருஷக்கணக்கில் தொண்டையிலேயே நின்றுபோன ஒன்று இருந்தது. இரண்டாவது பிள்ளை பிறந்தபோது அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது. குழந்தை அழுதால் தூக்கத் தோன்றாது. சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். சோம்பேறி என்றார்கள், ஆங்காரம் என்றார்கள். நாத்தனார்தான் ஆபீஸில் தனக்கு உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்து, நீண்ட லீவு போட்டுக் குழந்தையை எடுத்துக்கொண்டாள். அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினாள். "அவ தூங்கட்டும். தானா எழுந்திருப்பா." அவள் எழுந்தாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

"அக்கா, சின்னவன் பிறந்தப்போ நீங்க மட்டும் இல்லன்னா..."

"எப்போ? ஓ, அதுவா." நாத்தனார் கடலைப் பார்த்தபடியே சொன்னாள். "எனக்கும் அப்போ ஆபீஸ் அலுப்பா இருந்துச்சு."

"நான் எதுக்குச் சொல்றேன்னா..."

"தெரியுது. தெரியாமலா இருக்கேன்?" ஈரக் கையால் அவள் மணிக்கட்டை ஒரு தரம் அழுத்திவிட்டு எடுத்தாள். "கொஞ்சம் கண்ணை மூடிக்கிறேன். பஸ் கிளம்புறப்போ எழுப்பு."

பஸ் ஹாரன் அடித்தபோது அவள் எழுப்பினாள். தோளைத் தொட்டாள். பிறகு கன்னத்தைத் தொட்டாள். பிறகு, "அக்கா," என்று அவள் கூப்பிட்ட குரலில் டிரைவர் பஸ்ஸிலிருந்து குதித்து ஓடிவந்தார்.

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். "தூக்கத்துலயே போயிருக்காங்கம்மா. கஷ்டப்பட்டிருக்க மாட்டாங்க."

அவள் வராந்தாவுக்கு வந்து போனை எடுத்தாள்.

"ஏங்க... அக்கா..."

மிச்சத்தை அவர் புரிந்துகொண்டார். நான் அப்பவே சொன்னேனே என்ற வார்த்தை வரட்டும் என்று அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வலிச்சுதா அவளுக்கு?"

"இல்லங்க. தூங்கிட்டிருந்தாங்க."

"அதுக்கு முன்னாடி?"

"கைடைத் திட்டினாங்க. அப்புறம் அலையைத் திட்டினாங்க."

அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"கடல்ல இறங்கினாளா?"

"புடவையெல்லாம் நனைச்சுக்கிட்டாங்க."

"சரி," என்றார். மறுபடியும், "சரி," என்றார். "நான் கிளம்பி வரேன். நீ அங்க தனியாவா இருக்கே?"

அவள் திரும்பிப் பார்த்தாள். பஸ் இந்நேரம் அடுத்த ஊருக்குப் போயிருக்க வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டு டிரைவர் படியில் உட்கார்ந்திருந்தார். புதுசாகக் கல்யாணமான பெண் டீ வாங்கி வந்து ஒவ்வொருவருக்கும் ஊற்றிக்கொண்டிருந்தாள். முன் சீட்டுக்காக முதல் நாளே நாத்தனாரோடு சண்டை போட்ட துணிக்கடைக்காரர், நாத்தனாரின் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார்.

"இல்லங்க," என்றாள். "எல்லாரும் இருக்காங்க."

விடிகிற நேரத்தில் அவர் வேனோடு வந்து சேர்ந்தார். உள்ளே போனவர் வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். கண்கள் வீங்கியிருந்தன. அவள் எதிரில் வந்து நின்றார். வழியெல்லாம் அவர் என்னென்ன நினைத்துக்கொண்டு வந்தாரோ, "ஏதாவது சாப்பிட்டியா?" என்றுதான் கேட்டார். பிறகு பெஞ்சுகளில் தலை சாய்த்துக் கிடந்த ஒவ்வொருவர் முன்னாலும் போய்க் கும்பிட்டார். துணிக்கடைக்காரர் கைப்பையை அவரிடம் கொடுத்துவிட்டு, "நல்லா சண்டை போடுவாங்க, சார்," என்றார்.

பின்னால் நாத்தனாரைக் கிடத்தி, முன்னால் அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். வழியில் வேன், துரைமார்கள் கட்டிய பழைய ஊர் ஒன்றுக்குள் நுழைந்தது.

"முதல் நாள்லேர்ந்து சொல்லு," என்றார்.

"என்னங்க?"

"எல்லாத்தையும். எங்க போனீங்க, என்ன பார்த்தீங்க, அக்கா யார் யாரைத் திட்டினா. ஒண்ணு விடாம சொல்லு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பஸ்ல ஏறினதுமே ஆரம்பிச்சுட்டாங்க," என்று தொடங்கினாள்.

அவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, குனிந்து, மேலே பார்த்துக்கொண்டே கேட்டார். யாரும் சொல்லாமலே வேன்காரர் வேகத்தைக் குறைத்தார். ஒரு மஞ்சள் வீட்டு மாடியில் ஒரு பெண் பச்சைக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, தலையணைகளை எடுத்து வந்து கைப்பிடிச் சுவர் மேல் வெயிலில் வைத்துக்கொண்டிருந்தாள்.