எதிர்ப்போர் ஒருவர்

கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஆளுங்கட்சிக்கு ஒரே ஒரு ஆள்தான் அதிகம். அந்த ஒரு ஆள் தான்தான் என்கிற நினைப்பு ரூத்தைச் சோறு தின்னவிடவில்லை.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலைப் பார்த்த ஒரு சொகுசு விடுதியில் ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.க்களை அடைத்து வைத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அடைத்து என்று சொன்னால் கொறடா தமிழ்வாணனுக்குக் கோபம் வரும். தங்க வைத்திருக்கிறோம் என்றுதான் சொல்ல வேண்டும். தங்க வைத்தவர்களின் செல்போனை எதற்குப் பிடுங்கினீர்கள், வாசலில் எதற்குத் தடித் தடியாக ஆட்களை நிறுத்தியிருக்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. வேளாவேளைக்கு வஞ்சிரம் வறுவல் வந்தது. நீச்சல் குளத்தில் தொந்தி மிதக்கக் கிடந்த சக உறுப்பினர்களைப் பார்க்கும்போதெல்லாம், இந்த ஜென்மங்களை நம்பித்தானா ஒரு மாநிலம் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

கட்சியிலிருந்து ஒரு கூட்டம் பிரிந்துபோய் எதிர்க்கட்சியோடு கைகோத்ததில் வந்த வினை இது. வெள்ளிக்கிழமை சபை கூடும்போது முதலமைச்சர் நம்பிக்கைத் தீர்மானம் கொண்டுவந்து தன் பெரும்பான்மையைக் காட்டியாக வேண்டும் என்று கவர்னர் சொல்லிவிட்டார். காட்டினால் ஆட்சி. காட்டாவிட்டால் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ரூத் செய்யூர் பக்கத்துக் காலனிக்காரி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டு அவளைப் படிக்க வைத்தார்கள். சத்துணவு அமைப்பாளராக இருந்து, சங்கத்தில் சேர்ந்து, தனித் தொகுதிக்கு ஒரு பெண் வேட்பாளர் வேண்டும் என்று கட்சி தேடியபோது அகப்பட்டு, யாரும் எதிர்பாராமல் ஜெயித்தும் விட்டவள். ஜெயித்த பிறகுதான் தெரிந்தது, அவளுடைய அரசாங்கமே அவள் பிறந்த காலனியைத் தொழிற்பேட்டைக்காக எடுக்கப் போகிறது என்று. மூன்று தலைமுறையாகக் குடியிருக்கிறார்கள், ஆனால் பட்டா கிடையாது. புறம்போக்கு. முதலமைச்சரிடம் இரண்டு தடவை போய் நின்றாள். “பார்க்கலாம்மா” என்றார். பெரிய இடத்தில் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்பது கட்சிக்காரியான அவளுக்குத் தெரியாதா?

புதன்கிழமை காலையில் அவளுடைய அண்ணன் மனைவி சாராள் இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தாள். பிரஷர் மாத்திரை கொடுக்க வந்திருக்கிறேன் என்று வாசலில் சண்டை போட்டுத்தான் உள்ளே வர முடிந்தது. சவுக்கு மரங்களுக்கு நடுவே, காவல்காரன் காதுக்கு எட்டாத தூரத்தில் இருவரும் நின்றார்கள்.

“இன்னா ரூத்து, மூஞ்சி வீங்கி கீது. தூங்கறியா இல்லியா?”

“அத்த வுடு அண்ணி. வூட்ல எல்லாம் எப்பிடி கீறாங்க?”

“அளந்துகினு பூட்டானுங்க. கல்லு நட்டுட்டானுங்க. என் அடுப்பாங்கரைக்குள்ளயே ஒரு கல்லு கீது. அத்தத் தாண்டித் தாண்டித்தான் சோறு ஆக்கறேன்.” சாராள் குரலைத் தாழ்த்தினாள். “எதிர்க்கட்சித் தலைவரு காலனிக்கே வந்தாரு. சர்ச்சு வாசல்ல நின்னு, எங்க கை ஓங்குனா இந்தத் திட்டத்த அன்னைக்கே ரத்து பண்றேன்னு எல்லார் எதிர்லயும் சொன்னாரு. இவங்க கவுந்தா நம்ம வூடு தப்பிக்கும். ஒரு ஆளுதான் கொறையுதாம். எல்லாரும் உன்னியத்தான் நம்பிகினு கீறாங்க.”

“கொறடா சொன்னதுக்கு மாறா நின்னா என் பதவி பூடும் அண்ணி. சட்டம் அப்பிடி.”

“பூட்டா பூட்டும். உன் பதவியிலயா நாங்க படுத்துத் தூங்கறோம்?”

கேட்டதில் தப்பில்லை. ஆனாலும் ரூத்துக்குச் சுருக்கென்றது. வாழ்க்கையில் முதல்தடவையாகத் தாசில்தார் எழுந்து நின்று வணக்கம் சொன்ன பதவி அது. அவளுடைய அப்பா அதே ஆபீஸ் வாசலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர். அதை விடுவது என்றால் வலிக்கத்தான் செய்யும்.

“சரி அண்ணி. எதுத்தே நிக்கறேன். போயி சொல்லு.”

வெள்ளிக்கிழமை எல்லாரையும் சொகுசு பஸ்களில் ஏற்றிக் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் தமிழ்வாணன் அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அடுத்த மந்திரிசபை மாற்றத்தில் அவள் பெயரும் அடிபடுவதாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ரூத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள். கிழக்குக் கடற்கரைச் சாலை முழுவதும் அவளுக்கு ஒரே ஜெபம்தான்: ஆண்டவரே, அந்த நேரத்தில் என் கால் நடுங்காமல் பார்த்துக்கொள்ளும்.

சபையில் எதிர்க்கட்சித் தலைவர் நன்றாகத்தான் பேசினார். ஆளுங்கட்சி வரிசையில் பல முகங்கள் தொங்கிப்போயின. அவர் உட்கார்ந்ததும் தமிழ்வாணன் எழுந்தார்.

“பெத்த அப்பனையே கட்சிய விட்டுத் தொரத்தினவரு, நம்பிக்கையப் பத்தி எங்களுக்குப் பாடம் எடுக்கறாரு.”

அவ்வளவுதான், சபை தீப்பிடித்துக்கொண்டது. அதை அவைக்குறிப்பிலிருந்து நீக்கு என்று ஒரே கூச்சல். பரிசீலிக்கிறேன் என்றார் சபாநாயகர். தமிழ்வாணன் வாய் தவறிச் சொன்னாரா, கணக்குப் போட்டுத்தான் சொன்னாரா என்பது இன்றுவரை தெரியவில்லை. எதிர்க்கட்சித் தலைவர் தோளில் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, “இதைக் கண்டித்து வெளிநடப்பு செய்கிறோம்” என்றார்.

நம் ஊர் சபையில் வெளிநடப்பு என்பது ஏறக்குறைய ஒரு பூசை மாதிரி. கோபம் வந்தால் எழுந்து போவார்கள். வெளியே டி.வி. மைக்குகளில் நாலு வார்த்தை பேசுவார்கள். கேன்டீனில் டீயும் சமோசாவும் சாப்பிட்டுவிட்டு, எதுவும் நடக்காதது போலத் திரும்பி வந்து உட்காருவார்கள். வருஷக்கணக்காகப் பழகிய கால்கள், இன்றைக்கு என்ன நாள் என்று யோசிக்காமல் நடந்துவிட்டன. புதிதாகப் பிரிந்து போன கூட்டமும், எங்கே நம்மைச் சந்தேகப்படுவார்களோ என்று முண்டியடித்துக்கொண்டு கூடவே போனது.

போகாதீங்க, இன்னிக்குப் போகாதீங்க என்று ரூத்துக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஆளுங்கட்சி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அதை எப்படிக் கத்துவது? வாசல் பக்கம் பார்த்தபடி பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள்.

சபாநாயகர் மணியடிக்கச் சொன்னார். வெளியே கோஷம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் காதில் மணி விழவில்லை. அப்புறம் கதவுகளைச் சாத்தச் சொன்னார். வாக்கெடுப்புக்குக் கதவைச் சாத்திவிட்டால் முடிந்தது, பிறகு ஈ காக்கை நுழைய முடியாது. பெரும்பான்மை என்பது ஊரில் இருப்பவர்களை எண்ணுவதல்ல. உள்ளே இருந்து ஓட்டுப் போடுபவர்களை எண்ணுவதுதான். சட்டம் படித்த வக்கீல்களே அத்தனை பேர் எதிர்க்கட்சியில் இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் வெளியே இருந்து கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. யாரும் திறக்கவில்லை.

“தீர்மானத்தை ஆதரிப்போர் எழுந்து நிற்கலாம்.”

ரூத்தைச் சுற்றி எல்லாரும் எழுந்தார்கள். வேட்டிகளுக்கு நடுவே அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். தமிழ்வாணன் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை, சிரிப்புதான் இருந்தது. “எந்திரி தங்கச்சி, எல்லாம் முடிஞ்சி பூட்சி” என்றார் மெதுவாக.

முடிந்துதான் போயிற்று. அது அவளுக்கும் தெரியும். இப்போது அவள் எழுந்தாலும் ஆட்சி நிற்கும், எழாவிட்டாலும் நிற்கும். எழுந்தால் பதவியாவது மிஞ்சும். ஆனால் காலனி முழுவதும் டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பது அவள் கண்ணுக்குள் நின்றது. அவர்கள் பார்க்க, அடுப்பாங்கரையில் கல்லை நட்டவனோடு சேர்ந்து நிற்க அவளுக்கு மனசு வரவில்லை.

“எதிர்ப்போர் எழுந்து நிற்கலாம்.”

எழுந்தாள். கால் நடுங்கவில்லை. எண்ண வந்த அலுவலர் அவளைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் பார்த்தார், காலியாகக் கிடந்த எதிர்வரிசையைப் பார்த்தார். எங்கிருந்தோ யாரோ சிரித்தார்கள். “எதிர்ப்போர் ஒருவர்” என்று சபாநாயகர் வாசித்தபோது பெஞ்சுகளைத் தட்டிய சத்தத்தில் கதவைத் தட்டிய சத்தம் அமுங்கிப்போனது. ரூத்துக்குத் தன்மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வெளியே போன இந்த மனிதர்களை நம்பி ஊருக்கு வாக்குக் கொடுத்தோமே என்று நினைத்து நினைத்து உள்ளுக்குள் வெந்தாள்.

மற்ற எதற்கும் நகராத ஃபைல், அவளைத் தகுதி நீக்கம் செய்ய மட்டும் ஓடோடி வந்தது. எதிர்க்கட்சித் தலைவர் கோர்ட்டுக்குப் போகப் போவதாகப் பேட்டி கொடுத்தார். ரூத் அவர் வீட்டுக்குப் போனபோது ஐயா வெளியூரில் இருப்பதாகச் சொன்னார்கள். மழைக்கு முன்னால் காலனிக்கு ஜே.சி.பி. வந்தது.

ரூத் போலீஸ் வரிசையைத் தாண்டித் தாசில்தாரிடம் போனாள். ஒரு வாரம் அவகாசம் கேட்டாள். அவர் நல்ல மாதிரிதான் பேசினார். “எனக்குப் புரியுதும்மா. யாராவது எம்.எல்.ஏ. மினிஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாங்கன்னா நான் நிறுத்திக்குவேன். உங்களுக்குத் தெரியாததா?” என்றார்.

அவள் திரும்பி வந்தபோது சாராள் வீட்டுச் சாமான்களை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னா சொன்னாரு?”

“எம்மெல்லே யாராச்சும் சொன்னா நிறுத்துவாராம்.”

சாராள் கையிலிருந்த குண்டானைக் கீழே வைத்தாள். “ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சிக்காத. அவுங்க அல்லாரும் வெளிய பூட்டாங்கன்னு உனுக்குத் தெரியும்ல? அப்பறம் எதுக்கு ரூத்து எந்திரிச்ச?”

“எதுத்து நிக்கறேன்னு உன்கிட்ட சொன்னனே அண்ணி.”

“ஜெயிக்கிறதுக்குத்தானே சொன்னேன். சும்மா நிக்கறதுக்கா சொன்னேன்?” சாராள் திட்டவில்லை. சோர்ந்துபோன குரலில்தான் கேட்டாள். “நீ அவுங்களோடயே நின்னிருந்தா, இன்னிக்கு ஒரு வாரம் கெடச்சிருக்கும்.”

அவள் சொன்னது சரிதான் என்று ரூத்துக்குப் பட்டது. அதுதான் தாங்க முடியவில்லை.

“சரி, கட்டிலு அந்தப் பக்கம் புடி” என்றாள் சாராள். இருவரும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு ரோடு வரைக்கும் வந்தார்கள். எங்கே இறக்குவது என்று இருவருக்குமே தெரியவில்லை.