வழியில் நிறுத்தக் கூடாது

கையெழுத்துதானே என்று போட்டுவிட்டார் சத்யராஜ் சார். படித்துப் பார்த்தாரா என்றால் இல்லை. எந்த வாத்தியார் படித்துப் பார்த்தார், இவர் பார்க்க? வருஷா வருஷம் ஜனவரியில் பள்ளிக்கூட கிளார்க் சுகாசினி ஒரு கட்டு ஃபாரத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்கு வருவாள். "போன வருஷம் மாதிரியே அடிச்சு எடுத்தாந்துட்டேன் சார், கீழ ஒரு கையெழுத்து போட்டா போதும்" என்பாள். டீயை உறிஞ்சிக்கொண்டே எல்லாரும் வரிசையாகப் போட்டுத் தள்ளுவார்கள். அந்தக் காகிதத்தில், 'என் பிள்ளைகள் யாரும் இந்த ஆண்டு பொதுத் தேர்வு எழுதவில்லை' என்று ஒரு வரி இருந்தது. போன வருஷம் அது உண்மை. இந்த வருஷம் அவருடைய ஒரே மகள் திரிஷா பிளஸ் டூ.

மார்ச்சில் ஆர்டர் வந்தது. வழித்தட அலுவலர் வேலை. காப்பு மையத்திலிருந்து கேள்வித்தாள் கட்டுகளைக் காரில் எடுத்துப் போய் நாலு பள்ளிக்கூடத்தில் இறக்க வேண்டும். சொந்தப் பிள்ளை பரீட்சை எழுதினால் அந்தக் காரில் ஏறவே கூடாது. மேரி அன்றைக்கே புருஷனிடம் சொன்னாள். "போயி எச்.எம். கிட்ட உண்மையச் சொல்லிடுங்க. தெரியாம நடந்துபோச்சுன்னா தலையவா எடுத்துடுவாங்க?"

"உனக்கு என்னா தெரியும்? பொய்யா எழுதிக் குடுத்தேன்னு மெமோ வரும். ஹெட்மாஸ்டர் பிரமோஷன் லிஸ்ட் வந்துக்கினு இருக்குற நேரம் மேரி இது" என்று அவள் வாயை அடைத்தார். முதல் இரண்டு பரீட்சையும் ஒரு வில்லங்கமும் இல்லாமல் முடிந்தன. மனுஷனுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. ஒன்பதே காலுக்கு நம்ம தெரு முனையைத் தாண்டித்தான் என் வண்டி போகிறது என்று வீட்டில் பெருமையாகச் சொல்லவும் செய்தார். மூன்றாவது பரீட்சை கணக்கு.

அன்றைக்கும் காப்பு மையத்தில் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு, விதிகளை வாசித்துக் காட்டினார்கள். வழியில் நிறுத்தக் கூடாது. வெளியாளை ஏற்றக் கூடாது. திரும்பி வந்து கையெழுத்துப் போடும் வரை வேறெங்கும் போகக் கூடாது. டிரைவர் சுபியான் வண்டியை எடுத்தான். முன் சீட்டில் காவலுக்கு வந்த கான்ஸ்டபிள் குரு. பின்னால் கட்டுகளோடு சத்யராஜ்.

மூன்று பள்ளிக்கூடத்தில் இறக்கியாகிவிட்டது. மணி ஒன்பதே கால். செவிலிமேட்டில் அவர் வீட்டுத் தெரு முனை வந்தது. அங்கே ஓரமாக ஒரு ஸ்கூட்டி ஸ்டாண்ட் போட்டு நின்றது. பக்கத்தில் யூனிஃபார்மோடு ஒரு பெண், கையில் ஹால் டிக்கெட் கவர். காரைப் பார்த்ததும் நடு ரோட்டுக்கே ஓடி வந்து இரண்டு கையையும் ஆட்டினாள். திரிஷா!

ஐயோ கடவுளே, இவள் எட்டரைக்கே கிளம்பியிருக்க வேண்டுமே. அவளுடைய சென்டர் ஊருக்கு அந்தக் கோடியில், பொன்னேரிக்கரைப் பக்கம். எட்டு கிலோமீட்டர். பங்குனி உற்சவம் என்று ராஜவீதிகளை அடைத்து, டவுன் பஸ்ஸையெல்லாம் சுற்றிவிட்டிருந்தார்கள். பத்தரைக்கு மேல் யாரையும் உள்ளே விட மாட்டார்கள். மேரி விடியும்போதே ஒரகடம் கம்பெனி பஸ் ஏறிப் போயிருந்தாள்.

சுபியான் வேகத்தைக் குறைத்து ஹாரன் அடித்தான். குரு திரும்பிப் பார்த்தார். "யாரு சார் இந்தப் பொண்ணு? வண்டிய மறிக்குது. தெரிஞ்சவங்களா?"

என் பொண்ணு. இரண்டே வார்த்தை. அது அவர் தொண்டைக்கு வரவே இல்லை. மெமோ வந்தது, லிஸ்ட் வந்தது, விசாரணை வந்தது, ஊர் சிரிப்பது வந்தது. பெற்ற மகள் மட்டும் வரவில்லை.

"தெரியாதுப்பா. லிஃப்ட் கேக்குது போலக்கீது. நிக்காத, போ" என்றார். சொல்லிவிட்டு, கட்டின் சீலைச் சரிபார்ப்பது மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். கண்ணாடி ஏற்றியிருந்ததால் வெளிச்சத்தம் உள்ளே கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார்த்தார். அவள் காரின் பின்னாலேயே ஓடி வந்துகொண்டிருந்தாள்.

நாலாவது பள்ளிக்கூடத்தில் கட்டை வாங்கிக்கொண்டவர்கள் நிதானமாகச் சீலைப் பார்த்தார்கள், நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்கள். சத்யராஜுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவள் நடக்கிறாளா, ஓடுகிறாளா, யாராவது ஏற்றிக்கொண்டார்களா? பாவி, பாவி என்று தன்னையே வைதுகொண்டார்.

காலிக் காரில் திரும்பும்போது அவரால் அடக்க முடியவில்லை. "குரு... அது என் பொண்ணுப்பா. கணக்குப் பரீட்சைக்குப் போக வேண்டியவ."

சுபியான் பிரேக்கை மிதித்தேவிட்டான். குரு முழுசாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். "என்னா சார் நீங்க! பேட்ரோல் வண்டி செவிலிமேட்டுலயேதான் நின்னுக்கினு இருந்துச்சு. நம்ம வண்டிய நிறுத்தவே வேணாமே சார், வயர்லெஸ் மைக்குல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவங்க ஏத்திக்கினு போயிருப்பாங்களே! அதுக்கு எந்த ரூல் குறுக்க வருது?"

குரு அப்போதே மைக்கில் பேசினார். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. ஸ்கூட்டி நிற்கிறது, பெண்ணைக் காணோம்.

காப்பு மையத்தில் கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு சத்யராஜ் பறந்தார். உற்சவக் கூட்டத்தில் மாட்டி, சந்து சந்தாகப் புகுந்து, பொன்னேரிக்கரை போய்ச் சேர்ந்தபோது மணி பத்து ஐம்பது. கேட் மூடியிருந்தது. வெளியே மண் தரையில் திரிஷா உட்கார்ந்திருந்தாள். யூனிஃபார்ம் வேர்வையில் நனைந்திருந்தது.

சத்யராஜ் கேட்டைப் பிடித்து உலுக்கினார். சென்டருக்குப் பொறுப்பான தணிகாசலம் உள்ளேயிருந்து வந்தார்.

"சார், என் பொண்ணு சார். இருபது நிமிஷம்தான் சார் தாண்டியிருக்குது. உங்க காலத் தொட்டுக் கேக்கறேன் சார்."

தணிகாசலத்தின் கண் இவர் கழுத்தில் தொங்கிய அட்டைக்குப் போனது. "ரூட் ஆபீசரா நீங்க? பொண்ணு பரீட்சை எழுதறப்போ நீங்க எப்படி அந்த டூட்டியில?"

"தப்புதான் சார். பொய்யா எழுதிக் குடுத்துட்டேன். ரிப்போர்ட் பண்ணுங்க, சஸ்பெண்ட் பண்ணுங்க, என்னா வேணா பண்ணுங்க. அவள மட்டும் உள்ள விடுங்க சார்!" காரில் வராத வார்த்தையெல்லாம் இப்போது கேட்காமலே வந்து கொட்டியது. வந்து என்ன பிரயோஜனம்?

"பத்தரைக்கு முன்னாடின்னா நானே கையப் பிடிச்சுக் கூட்டிக்கினு போயிருப்பேன் சார். அதுக்கு மேல என் கையில இல்ல" என்று தணிகாசலம் தணிந்த குரலில் சொன்னார். சொல்லிவிட்டு அட்டையில் இருந்த பேரைக் குறித்துக்கொண்டு உள்ளே போனார்.

சத்யராஜ் மகள் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தார். அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"ஸ்கூட்டி எப்பம்மா நின்னுபோச்சு?"

"எட்டேமுக்காலுக்கு."

"அதுலேர்ந்து அங்கேயேவா நின்னுக்கினு இருந்த? ஒரு ஆட்டோகூடவா வரல?"

"வந்துச்சுப்பா. லியாகத் அலி அண்ணன் ஆட்டோ. 'ஏறும்மா, பைபாஸ்ல சுத்திக்கினு போயி விட்டுடறேன்'னாரு." அவள் மூடிய கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான்தான் வேணாம்னு அனுப்பிட்டேன். ஒம்பதே காலுக்கு எங்க அப்பா வண்டி இந்தப் பக்கம் வரும், என்னப் பாத்தா நிறுத்திடுவாருன்னு சொன்னேன்."