பெருநாளில் பிடித்த நோன்பு

ஹஜ்ஜுப் பெருநாள் பகல். புத்தளத்துத் தில்லையடியில் சுல்பாவின் வீட்டில் கால் வைக்க இடமில்லை. போருக்குப் பிறகு மீள்குடியேற்றத்தில் மன்னாருக்குத் திரும்பிப் போன மதினி நஃபீஸா, புருஷன் ஹாசிமின் மூத்த சகோதரி, பிள்ளைகளோடு வந்திருந்தாள். ஆறு ஆறு பேராகச் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடும் சஹன்களில் சோறு போட்டாகிவிட்டது. ஒரு சஹனில் மட்டும் ஓர் ஆள் குறைந்தது.

சுல்பா அறைக்குள் போய்ப் பார்த்தாள். பதினொரு வயது மகள் ஸஃப்னா புது உடுப்போடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"எழும்புங்க மகள், சஹன் வெச்சாச்சு."

"எனக்கு வேணாம் உம்மா. நான் நோன்பு."

சுல்பாவுக்குச் சிரிப்பு வந்தது. "பெருநாளண்டு நோன்பா? பிடிக்கக் கூடாது மகள், ஹராம். குர்ஆன் ஓதப் போற புள்ளைக்கு இது தெரியாதா?"

"தெரியும்."

சுல்பாவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

றமழான் முடிந்த பிறகும் ஸஃப்னா திங்களும் வியாழனும் நோன்பு பிடித்தாள். பிறகு இடைநாட்களிலும் பிடித்தாள். விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு எழுப்பினால் எழும்பமாட்டாள். நோன்பு திறக்க ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீரும் போதும் என்பாள். இந்த வயதில் எவ்வளவு மார்க்கப் பேணுதல் என்று சுல்பா தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள். போன கிழமை பிள்ளை பள்ளிக்கூடத்தில் தலை சுற்றி விழுந்தபோதுகூட, நோன்புக் களைப்பு என்று டீச்சரிடம் அவளேதான் சொன்னாள். முகம் வெளிறிக் கிடப்பதும் கண்ணுக்குக் கீழே கறுத்திருப்பதும் இன்றைக்குத்தான் கண்ணில் பட்டன.

கதவைச் சாத்திவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"மெலியத்தான் நோன்பு பிடிக்கிறீங்களா?"

ஸஃப்னா உடுப்பை வயிற்றின் மேல் இழுத்து விட்டாள்.

"நீங்க குண்டில்ல மகள். ஆரு சொன்னது அப்படி?"

"பொய் சொல்லாதீங்க. நிறை கூட எண்டு கிளினிக்ல சொன்னவங்கதானே. நீங்களும் பக்கத்தில இருந்தீங்க."

அது மெய்தான். பிள்ளையை ஓடி விளையாட விடுங்கள், சீனியைக் குறையுங்கள் என்றும் சொன்னார்கள். அது சுல்பாவின் காதில் தங்கவில்லை.

"நோன்புக்கு முந்தி ஒரு கலியாணத்தில நஃபீஸா மாமி சொன்னா. இந்த சஹனுக்கு ஆறு பேர் வேணாம், அஞ்சு பேர் காணும், ஸஃப்னா ரெண்டு ஆளுக்குச் சமன் எண்டு. எல்லாரும் சிரிச்சாங்க." ஸஃப்னா சுவரை நகத்தால் சுரண்டினாள். "நீங்களும் சிரிச்சீங்க உம்மா."

அந்தப் பகிடி சுல்பாவுக்கு ஞாபகம் இருந்தது. தான் சிரித்தது ஞாபகமில்லை. சிரித்திருப்பாள். புருஷனின் ராத்தா பகிடி விட்டால் சிரிக்கத்தானே வேண்டும்.

"பிழை மகள். நான் சிரிச்சது பெரிய பிழை."

நீ எப்படி இருந்தாலும் வடிவுதான் என்று சொல்லலாம். அதையும் பொய் என்பாள்.

"நிறை கூடத்தான். அது உங்கட குற்றமில்ல. தேத்தண்ணியில சீனிய அள்ளிப் போடுறது நான். சைக்கிளப் பூட்டி வெச்சதும் நான். பட்டினி கிடந்தா கொழுப்பு மட்டுமா கரையும்? எலும்புக்கும் மூளைக்கும் போற சத்தும் நிண்டு போகும். அதுதான் அண்டைக்கு விழுந்தீங்க. ஆளுக்காள் வேற சாப்பாடு வேணாம். வீட்டில எல்லாரும் சேர்ந்து மாத்துவம். வாப்பாவும்தான். அவர்ர வயித்தப் பாத்தீங்களா?"

"வாப்பா தேத்தண்ணிக்குப் பணிஸ் திங்கிறத விடமாட்டாரு." குரலில் சின்னச் சிரிப்பு. பிறகு திரும்பிப் பார்த்தாள். "சைக்கிள் ஓடலாமா?"

"ஓடலாம்."

"ரோட்டிலயா?"

பெரியபிள்ளையாகப் போகிறவள் ரோட்டில் சைக்கிள் ஓடுவதா என்று கேட்கப் போகிறவர்களின் முகங்கள் வரிசையாக வந்து போயின. "ஓம், ரோட்டிலதான்."

கதவு திறந்தது. நஃபீஸா.

"உம்மாவுக்கும் மகளுக்கும் என்ன ரகசியம்? சோறு ஆறுது. எங்கட குண்டு வட்டக்காய்க்குக் கோவமா?"

ஸஃப்னா மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். சுல்பா எழுந்து நின்றாள்.

"மதினி, புள்ளைட உடம்பப் பத்தின கதை இனி இந்த வீட்டில வேணாம்."

"அட, பகிடிக்குச் சொன்னது."

"தெரியும். நானும் பகிடி எண்டுதான் சிரிச்சன். வேணாம் மதினி."

நஃபீஸாவின் முகம் கறுத்தது. திரும்பிப் போனாள். கூடத்தில் சத்தம் குறைந்தது. சாப்பாடு முடிவதற்குள் இது ஹாசிமின் காதுக்குப் போய்விடும். மனுஷன் என்ன சொல்வாரோ.

சுல்பா ஒரு தட்டில் சோறு எடுத்து வந்து, இருவருக்கும் நடுவில் வைத்து, தான் முதலில் சாப்பிட்டாள். ஸஃப்னா எழும்பி உட்கார்ந்து ஒரு வாய் எடுத்தாள். இன்னொரு வாய். பிறகு கை நின்றது.

"காணும் உம்மா, போதும்."

இன்னும் கொஞ்சம் என்று சொல்ல நாக்குத் துடித்தது. சொன்னால் பிழையா, சொல்லாவிட்டால் பிழையா, தெரியவில்லை.

"வயிறு காணும் எண்டு சொல்லுதா, இல்லாட்டி நிறை கூடும் எண்ட பயமா?"

ஸஃப்னா யோசித்தாள். "தெரியல்ல."

"சரி. தெரியுமட்டும் ரெண்டு பேரும் இப்படியே இருப்பம்."

ஸஃப்னா கை கழுவ எழும்பவில்லை. சாப்பிடவும் இல்லை. விரல்களைச் சோற்றிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.