ஆந்தைக்கு வாங்கிய பமோன்யா

டொமினோ ஆட்டத்தில் ஒரு காய் காணாமல் போனதும், சதுக்கத்தில் எல்லார் முன்னிலும் அப்பா தன் கூட்டாளி ஆந்தையைத் திருடன் என்று சொல்லிவிட்டார். ஆந்தை எழுந்து போனவர்தான். பிறகு வரவே இல்லை. அந்தக் காய் அப்பாவின் சட்டைப் பையிலிருந்தே விழுந்தது. துவைக்க எடுத்தபோது நான்தான் கண்டெடுத்தேன்.

இன்று அப்பா, அரைத்த சோளத்தைத் தோகையில் கட்டி அவித்த பமோன்யா ஒன்றை ஆந்தைக்காகச் சூடாக வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மாலை வகுப்புக்குக் கிளம்பிய நான் பக்கத்தில் நின்றேன்.

"வீட்டுக்கே போய் மன்னிப்பு கேக்கலாமேப்பா."

"திருடன்னு இங்கதான சொன்னேன்? இல்லன்னும் இங்கதான் சொல்லணும். நாலு பேர் கேக்கணும். வருவான், பாரு."

சாவு அறிவிக்கும் ஒலிபெருக்கி கார் செம்மண் புழுதி கிளப்பியபடி வந்தது. "தெயோதாத்து நசாரியோ அவர்கள் நேற்று காலமானார். இன்று மாலை அடக்கம்."

"யாரு ஆணி அண்ணே அது?" என்று முடிவெட்டும் கொசு தன் கடைக்குள்ளிருந்து கேட்டார்.

"கொயானியாவுக்குப் பொழைக்கப் போன எவனாவது இருப்பான். குடுத்து வச்சவன். இந்த வெயில்லருந்து தப்பிச்சான்."

"உங்களுக்கும் எடம் பிடிச்சு வைக்கச் சொல்லவா?"

"மொதல்ல நீ போ. உன் கத்தியில செத்த காதுங்க அங்க காத்திருக்கு."

இருவரும் சிரித்தார்கள். எங்கள் ஊரில் ஞானஸ்நானப் பெயர் பாதிரியாருக்கு மட்டும்தான் தெரியும்; மற்றவர்களுக்குப் பட்டப்பெயர்தான். தச்சு வேலை செய்ததால் அப்பா ஆணி. கொசுவின் உண்மைப் பெயர் எனக்கும் தெரியாது.

சவ ஊர்வலம் சதுக்கத்துக்குள் வந்தது. வழக்கப்படி கொசு கடைக் கதவைப் பாதி இறக்கினார். அப்பா எழுந்து தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். பெட்டியைத் தூக்கியவர்களைத் தவிர ஐந்தாறு பேர்கூட இல்லை. அவர்களில் ஒரு பெண் எங்கள் முன்னால் நின்றாள். ஆந்தையின் தங்கை சுல்மீரா.

"தொப்பியக் கழட்டுற அளவுக்காவது மரியாதை இருக்கே, ஆணி அண்ணே."

அப்பா பெட்டியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"எங்கண்ணன் கடைசிவரைக்கும் 'ஆணி வருவான், கதவச் சாத்தாதே'ன்னே சொல்லிக்கிட்டிருந்தான். இன்னிக்கு கார் வச்சும் சொன்னோம். சதுக்கத்துலருந்து ஒருத்தர்கூட வரல. திருடன் வீட்டுக்கு யாரு வருவா?"

அவள் பெட்டியின் பின்னால் போய்விட்டாள். ஊர்வலம் கல்லறைத் தெருவில் திரும்பியது.

"அவன் திருடன் இல்ல" என்றார் அப்பா. கொசு கதவை மேலே தள்ளிய கிறீச்சொலியில் அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"என்னமோ சொன்னீங்களே?" என்றார் கொசு.

அப்பா அவரைப் பார்த்தார். காலி பெஞ்சுகளைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல."

பமோன்யா ஆறிப்போயிருந்தது. அப்பா அதைக் கீழே வைக்கவே இல்லை.